சித்தி உட்கார்ந்தால் எரியும் விளக்கு

சித்தப்பாவின் காரில் முன் சீட்டு என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் என்னுடையது.

அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, புருசன் போனபிறகு எங்களோடு வந்துவிட்ட அத்தை. அத்தை அப்பாவுக்கும் மூத்தவர். வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

சித்தப்பா ஒரு தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டினார். சுதந்திரம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்ததும் துரை சீமைக்குக் கிளம்பினார். பழைய காரைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். சித்தப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். வாடகைக்கு வருகிறவர்கள் துரை மாதிரி பின்னால்தான் உட்காருவார்கள். முன்னால் நான். கால் தரைக்கு எட்டாது. வளைவு வந்தால் ஹாரனை அழுத்த விடுவார். அதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன்.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டுகிற குடும்பம்.

கல்யாணத்துக்கு மறுநாள் கார்க் கதவைத் திறந்தேன். என் இடத்தில் சித்தி இருந்தார்.

"நீ பின்னால ஏறிக்கம்மா" என்றார் சித்தப்பா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சித்தியின் கொண்டைதான் தெரிந்தது. அதில் மல்லிகை. என் சீட்டில் இனிமேல் அந்த வாசனைதான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு மல்லிகை பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

தெங்கேரா தாண்டியதும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அது எஞ்சின் எண்ணெய்க்கான விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் உடனே நிறுத்து, நிறுத்தாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்று துரை சொல்லி வைத்திருந்தார். சித்தப்பா அந்த இடத்திலேயே நிறுத்தினார். மூடியைத் திறந்து எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறைய இருந்தது. மறுபடி கிளப்பினால் மறுபடி எரிந்தது.

தெங்கேராவில் ஒரு சீனர் கார்ப் பட்டறை வைத்திருந்தார். கார் பழுது பார்ப்பவரைப் பொமன் என்போம். பொமன் எண்ணெயை மாற்றினார். எஞ்சினோரம் இருந்த சுவிட்சை மாற்றினார். தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "எஞ்சின் பாகுஸ் லா" என்று கட்டைவிரலைக் காட்டினார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறதாம். சித்தப்பா ஓட்டினார், எரியவில்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன், எரியவில்லை. வீட்டுக்கு வந்து சித்தி ஏறி உட்கார்ந்தார். எரிந்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசம் துரை ஏறுன காரு. ஒரு நாள் எரிஞ்சதா? இவ காலு வச்சா, எரியுது."

"பழைய காருதானக்கா" என்றார் சித்தப்பா.

"காரு பழசு. ராசி புதுசு."

அதன்பிறகு சித்தி பின் சீட்டுக்குப் போனார். எனக்கு என் சீட்டு திரும்பி வந்தது. விளக்கும் எரியவில்லை. காருக்கே சித்தியைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்தக் காரை அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் துடைத்ததில்லை.

ஆடி மாசம் நெருங்கியது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆவணியில் கூட்டி வருவார்கள். அத்தை அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அனுப்பிருவோம். திரும்பக் கூட்டிட்டு வர்றதப் பத்தி அப்புறம் யோசிப்போம். கார வச்சுத்தான் தம்பி பொழைக்கணும்."

அடுப்படியில் சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. பிறகு மறுபடி களைந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அனுப்புகிற நாள் அத்தையும் கூட வந்தார், கொண்டுபோய் விட. முதலில் துக்காங் எமாஸ் ரோட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. நான் முன் கதவைத் திறக்கப் போனேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, நீங்க முன்னால உக்காருங்க. பெரியவங்க நீங்க இருக்கறப்ப பிள்ள உக்காரலாமா?"

அத்தைக்கு அது பிடித்தது. சேலையை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினார். நல்ல கனம், நல்ல உயரம். காலை நீட்டி, சீட்டுக்கு எதிரே கீழே இருக்கிற முன்பலகையில் ஊன்றிக்கொண்டார். நான் சித்தியோடு பின்னால். போகிற அன்றைக்கும் என் சீட்டைப் பறித்துவிட்டாரே என்று அவர் முகத்தையே பார்க்கவில்லை.

கோயிலுக்கு முன்னால் திரும்பினோம். விளக்கு எரிந்தது.

சித்தப்பா காரை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை. விளக்கையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னை என்னடா பாக்குற?" என்றார் அத்தை.

பின்னாலிருந்து சித்தி மெதுவாகச் சொன்னார். "அண்ணி, காலக் கொஞ்சம் தூக்குங்க."

அத்தை தூக்கினார். அணைந்தது.

"வைங்க."

எரிந்தது.

"தூக்குங்க."

அணைந்தது. அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. தானே தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். எதிர்க்கடையில் துணி அளந்துகொண்டிருந்த ராவுத்தர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, கார்ல தையல் மிசினு மிதிக்கிறீங்களா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார். அத்தை இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

காரைப் பட்டறைக்குத் திருப்பினோம். பொமன் முன்பலகைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியை இழுத்துக் காட்டினார். உறை கிழிந்து செம்பு தெரிந்தது. பலகையை மிதித்தால் கம்பி இரும்பில் படும், பட்டால் விளக்கு எரியும், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பு டேப் சுற்றினார். அவ்வளவுதான். அத்தை ஜாசின் வரைக்கும் காலைக் கீழே வைக்கவில்லை.

சித்தியைத் தோட்டத்தில் விட்டோம். அங்கே அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தை எடுத்து வைக்கும்போது சித்தியிடம் கேட்டேன். "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் என் காலப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா சாக்கும்பாங்க" என்று சித்தி எனக்கு ஒரு முறுக்கைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறாரே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

ஆடி முடிகிற அன்று அத்தை யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு ஆவணி. போய்க் கூட்டிட்டு வா."

நானும் போனேன். ஊரெல்லாம் கொடி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து போகிற கடைசித் தடவை இது என்று எண்ணிக்கொண்டே போனேன். சித்திக்கு இடம் விட்டுவிடு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

தோட்டத்தில் சித்தி பெட்டியோடு வந்தார். நான் இறங்கினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். சித்தி என்னைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"நீயே முன்னால உக்காரு. அது ஒன் எடந்தானே."

சித்தப்பா காரைக் கிளப்பினார். கொஞ்சம்கூட வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்தினேன். ரோட்டில் பின்னால் ஒரு வண்டிகூட வரவில்லை. ஆனாலும் சித்தப்பா தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பின்னாலிருந்து வளையல் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

வெறும் ரோட்டில் அப்படி என்னதான் தெரிகிறது என்று நானும் ஒருமுறை எம்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.