அடுப்பின் இரண்டு பக்கம்

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் டிரையருக்கு முன்னால் பல வருடம் நின்று வேலை செய்தவள் பெற்றீசியா. டிரையரைச் சூடாக்கும் அடுப்பின் புகைக்குழாயில் வெடிப்பு இருக்கிறது, தலை சுற்றுகிறது என்று அவளும் மற்றப் பெண்களும் எத்தனையோ முறை சொல்லியிருந்தார்கள். 1998இல் ஒருநாள் அவள் மயங்கியே விழுந்தாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் துரைராசா, வெறும் வயிற்றோடு வந்ததால் விழுந்தாள் என்று எழுதி முடித்துவிட்டார். அதன் பிறகு பெற்றீசியா தினமும் அவருடைய ஜன்னலுக்கு நேரே நின்று, ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் வேலைக்குள் நுழைந்தாள்.

2009இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஊர்மிளா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு சிறு கருவியைச் சோதித்துப் பார்க்க வந்தாள். பென்சிலுக்குள் இருக்கும் காரீயமான கிராபைட்டிலிருந்து உரித்தெடுத்த, ஓர் அணுவின் தடிப்பே உள்ள ஏடு அதற்குள் இருந்தது. கிராபீன் என்று அதற்குப் பெயர் சொன்னாள். மணமில்லாத நச்சு வாயு அதில் பட்டாலும் கருவியில் எண் ஏறுமாம்.

துரைராசா அதை வாசலோரம் வைக்கச் சொன்னார். எண் அசையவில்லை. அவர் திருப்தியோடு திரும்பும்போது, பெற்றீசியா கருவியைத் தூக்கிக்கொண்டு போய், தான் நிற்கும் இடத்தில் வெடிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். எண் மளமளவென்று ஏறியது.

அது வெறும் சூட்டினால் ஏறுகிறது என்றார் அவர்.

ஊர்மிளா தயங்கினாள். “சூட்டுக்கும் ஏறும்தான் அக்கா. இல்லையெண்டு சொல்ல ஏலாது.”

“அடுப்புக்கு அந்தப் பக்கமும் இதே சூடுதாங்க மிஸ்” என்றாள் பெற்றீசியா. “அங்க வெடிப்பு இல்ல. அங்க வச்சுப் பாருங்க.”

வைத்தார்கள். எண் இறங்கியது. திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தால் ஏறியது. வெப்பமானி இரண்டு பக்கமும் ஒரே சூட்டைக் காட்டியது. மூன்று தடவை பார்த்து எழுதி, ஊர்மிளா ஒரு பிரதியை டீமேக்கரிடமே கொடுத்தாள்.

அனுமதியில்லாமல் கருவியைத் தொட்டதாகப் பெற்றீசியாவுக்கு அன்றே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. “தொட்டது உண்மை. நான் நிற்கிற இடத்தில் வைத்தேன்” என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“கொழாய மாத்தாம உள்ள போக மாட்டோங்க ஐயா” என்று துரைராசாவிடம் சொன்னாள்.

மற்ற நான்கு பெண்களும் அவளோடு வெளியே நின்றார்கள். அரைத்த கொழுந்து காயாமல் புளிக்கத் தொடங்கியது. மறுநாள் ஹட்டனிலிருந்து வெல்டிங்காரர் வந்து குழாயைக் கழற்றினார். விரல் நுழையுமளவு பிளவு அதில் நீளமாக ஓடியிருந்தது. பழைய இரும்போடு அதை எறியப் பெற்றீசியா விடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, ஒரு வாரம் ஸ்டோர் வாசலிலேயே போட்டு வைத்தாள்.