தியான முகாமுக்குத் துவக்குத் தெரிவு செய்யப் போனோம்

தெற்கு லண்டன் சட்டனில் இருக்கும் தோழி ஒருத்தி சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாள். "உங்கடை சேர்ச் ஆம்பிளையள் போன இடம் எப்பிடி? எங்கடை ஆக்களையும் அனுப்பலாமோ?" இடம் நல்லது, அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கலாம். ஆனால் போன வழியைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

2007 மே மாதக் கடைசி, வங்கி விடுமுறையோடு சேர்ந்து வந்த சனிக்கிழமை. மோர்டனில் நாங்கள் போகும் தேவாலயத்தில் காலையில் வெள்ளைக்காரரின் ஆராதனை, பின்னேரம் எங்களுடைய தமிழ் ஆராதனை. இரண்டு பக்கத்து ஆண்களும் சேர்ந்து ஓரிரவு தங்கும் தியான முகாம் ஒன்றை இந்த ஆண்டுதான் முதல் தடவையாக ஒழுங்கு செய்தார்கள். இடம் ரைகேற் குன்றுக்கு அப்பால் ஒரு பண்ணை. ஆளுக்கு நாற்பத்தைந்து பவுண். படுக்கையும் காலைச் சாப்பாடும் அதற்குள் அடங்கும். மதியச் சாப்பாட்டை எங்கள் பக்கம் பொறுப்பெடுத்தது. எங்கள் ஆண்கள் எவ்வளவு ஜெபித்தாலும் மத்தியானம் சோறு இல்லாவிட்டால் அன்றைய தியானம் அவர்களுக்கு ஏறாது. ஆண்கள் முகாமுக்கு ஒரு பெண் கார் ஓட்டிப் போனது அதனால்தான். காரின் காப்புறுதியும் என் பெயரில் மட்டும்தான் இருந்தது.

முன் ஆசனத்தில் என் கணவர் ஜெயம். பின்னால் ஆட்டிறைச்சிக் கறிச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய தம்பி ரூபன். ரூபன் இந்த நாட்டுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். அகதி விண்ணப்பம் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு விசாரணை அடுத்த மாதம் நடக்க இருந்தது. அவனுடைய வழக்கறிஞர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "கூட்டம், கொடி, துவக்கு, இதுகள் இருக்கிற எந்தப் படத்திலையும் உம்மடை முகம் இருக்கக்கூடாது. கண்டால் இயக்கத்து ஆள் எண்டு எழுதிப்போடுவாங்கள்." அன்றிலிருந்து பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டிப் படம் எடுக்கத் தொடங்கினாலும் ரூபன் சமையலறைக்குள் போய்விடுவான்.

பீற்றரையும் வழியில் ஏற்ற வேண்டும். பீற்றர் காலை ஆராதனைக்கு வரும் வெள்ளைக்காரர், எழுபது வயது, மனைவியை இழந்தவர். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததால் அவருக்குக் கார் ஓட்ட முடியாது. ரூபனின் விசாரணையில் "இந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சாட்சி சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருந்தவரும் அவர்தான். வழக்கறிஞர் அந்தச் சாட்சியை மிகவும் நம்பியிருந்தார்.

மோர்டனிலிருந்து சட்டன் வழியாக பான்ஸ்ரெட் ஆறு மைல். ஒன்பதரைக்கு வெளிக்கிட்டால் சட்டன் சந்தியில் கொஞ்சம் நிற்க வேண்டிவரும்; மற்றபடி சுகமான ஓட்டம். கடைத்தெரு முடிந்ததும் தெருவோர மரங்கள் பெரிதாகி, வீடுகள் ஒன்றையொன்று விட்டுத் தள்ளி நிற்கத் தொடங்கும்.

"அண்ணை, ரீ-சேட் எல்லாம் பீற்றரின்ரை வீட்டிலையோ கிடக்கு?" என்று பின்னாலிருந்து ரூபன் கேட்டான்.

"என்ன ரீ-சேட்?" என்றேன் நான்.

"அண்ணை எல்லாருக்கும் போன் பண்ணி உயரம் கேட்டவர், அண்ணி. கை நீளமும் கேட்டவர். முழுக்கைச் சேட்டாக்கும்."

என் கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "போய்ப் பாப்பம்" என்றார்.

பீற்றர் கதவைத் திறந்தார். தேநீர், பிஸ்கட், நல்ல வெளிச்சமான வரவேற்பறை. கம்பளத்தின் மேல் பழைய குளியல் துவாய்கள் விரித்திருந்தன. துவாய்களின் மேல் நான்கு துவக்குகள், நீளக் குழல் வேட்டைத் துப்பாக்கிகள்.

நான் துவக்கு ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் கடைசியாகப் பார்த்தது எங்கள் வீட்டுப் படலையடியில், பதினெட்டு வருடங்களுக்கு முன்பு. அதைப் பிடித்திருந்தவன் என்னிலும் இளையவன். அதன்பிறகு ஜேர்மனி, பிறகு லண்டன், திருமணம், பிள்ளைகள், கடை என்று வாழ்க்கை போனது. ஒரு வீட்டு வரவேற்பறையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பீற்றர் மிகவும் அன்பாக விளக்கினார். முகாமில் பின்னேரம் களிமண் தட்டு சுடும் விளையாட்டு இருக்கிறது. இயந்திரம் தட்டை வானத்தில் எறியும், துவக்கால் சுட்டு உடைக்க வேண்டும். பண்ணையில் இரவல் துவக்குகள் உண்டு, ஆனால் அவை எல்லாம் ஆறடி ஆட்களுக்குச் செய்தவை. உங்கள் ஆட்கள் சற்றுக் கட்டையானவர்கள், துவக்கின் அடிக்கட்டை நீளமாக இருந்தால் கன்னத்தில் உதைக்கும். ஆகவே தன்னுடையவற்றில் பொருத்தமானதைக் கொண்டுபோகலாம் என்றார். அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு எட்ட வேண்டும். அதுதான் அளவு.

முகாமுக்கு வரும் எங்கள் ஆண்களின் அளவுகளை என் கணவர் மனப்பாடமாக ஒப்புவித்தார். "அருள்நாதன், ஐந்தடி நாலு." பீற்றர் ஒரு துவக்கை எடுத்து, மடித்துத் திறந்து, குழல் வெறுமையாக இருப்பதை என்னிடம் காட்டி, கணவரின் கையில் வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் தொடங்குமுன் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவது போல இருந்தது. கடைசியில் இரண்டைத் தெரிவு செய்தார்கள். ஒன்று கட்டையாக வெட்டிய அடிக்கட்டை உள்ளது. மற்றது மெல்லியது, பாரமில்லாதது. பீற்றரின் மனைவி பாவித்தது.

"ரூபன், நீயும் வா, உனக்கும் அளந்து பார்ப்போம்" என்று பீற்றர் கூப்பிட்டார்.

ரூபன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். துவாய்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, கறி ஆறப்போகுது. நான் காருக்குள்ளை இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போடாமலே காலுறையோடு சரளைக்கல்லில் நடந்து போனான்.

கணவரை வாசல் நடைக்கு இழுத்தேன். "நீங்கள் இவனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னா வரமாட்டான்."

"வராட்டி என்ன?"

"ரூபனும் வருவான்தானே எண்டு பீற்றர் ரெண்டு தரம் கேட்டவர். நாளைக்குக் கோட்டிலை நிண்டு இவனுக்காகக் கதைக்கப்போற மனுசன். வரமாட்டான் எண்டு சொல்லேலுமோ?"

"காரணத்தைச் சொல்லுறதுதானே."

"துவக்குக்குக் கிட்ட நிண்டா இவனுக்குப் பிரச்சினை எண்டு சொன்னா, ஏன் பிரச்சினை எண்டு அந்தாள் யோசிக்கத் தொடங்கும். யோசிச்சா சாட்சிக்கு வருமோ? நீர் சும்மா இரும்."

நானும் சும்மா இருந்தேன். சொல்லாமல் விட்டால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்ற எங்கள் பழைய பழக்கம் அது. அதை நாங்கள் விமானத்தில் கொண்டுவந்திருக்கிறோம்.

துவக்குகள் உறைக்குள் போய் டிக்கியில், சம்பல் பெட்டிக்குப் பக்கத்தில். தோட்டாக்கள் வேறாக. அனுமதிப்பத்திரம் பீற்றரின் சட்டைப்பையில். தான் காரை விட்டு இறங்கக்கூடாது, துவக்கு தன் பொறுப்பில்தான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று சொல்லி அவர் ரூபனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ரைகேற் போகும் பெருந்தெருவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இருபது பவுணுக்கு அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருப்புமுன் ஒரு பொலிஸ் கார் எங்களுக்கு நேர் முன்னால் வந்து நின்றது. ஒருவர் இறங்கி எங்கள் பக்கமாக நடந்து வந்தார்.

என் கைகள் ஸ்ரியரிங்கின் உச்சியில் விரல் விரித்தபடி இருந்தன. எப்போது அங்கே போயின என்று எனக்குத் தெரியாது. கணவரின் இரண்டு கைகளும் டாஷ்போர்ட்டின் மேல். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ரூபன் கறிச்சட்டியை விட்டுவிட்டுத் தன் கைகளை முன் ஆசனத்தின் தோள்மேல் வைத்திருந்தான், எவருக்கும் தெரியும்படி. பீற்றர் மட்டும் ஒரு ரொபி இனிப்பின் தாளைப் பிரித்து ரூபனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் எங்களைக் கடந்து கடைக்குள் போனார். சாண்ட்விச்சோடு வெளியே வந்தார். போய்விட்டார்.

"உங்களுக்குக் குளிருதா?" என்று பீற்றர் கேட்டார். பிறகு எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீட்டிய ரொபியை அவர் திரும்ப எடுக்கவும் இல்லை, ரூபன் வாங்கவும் இல்லை.

"வேண்டாம், விடும்" என்று கணவர் மெல்லச் சொன்னார். நான் விடவில்லை. வழக்கறிஞர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். துவக்கு, படம், முகம் எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?" என்று பீற்றர் கேட்டார்.

ரூபன்தான் தன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "நீங்கள் என்னுடைய சாட்சி. நீங்கள் போய்விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை."

பீற்றர் தன் பையைத் துழாவி ஒரு சிறிய டிஜிற்றல் கமராவை எடுத்து, ரொபியோடு சேர்த்து ரூபனின் கையில் வைத்தார். "இன்றைக்குப் படம் எடுப்பவன் நீ. படம் எடுப்பவன் ஏன் படத்தில் இல்லை என்று எவரும் கேட்பதில்லை."

மிகுதி ஒன்பது மைலையும் ஓட்டி முடித்தேன். பண்ணை அழகான இடம். சரிவான புல்வெளி, கீழே ஓக் மரங்கள். முதல் வெடி கேட்டதும் எங்கள் பக்கத்து ஆண்கள் முக்கால்வாசிப் பேரின் தலை ஒன்றாகக் குனிந்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் அடுப்படியில் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டேன். பத்தாவது வெடிக்குப் பிறகும் பழகவில்லை.

அவர்களோ பழகிவிட்டார்கள். "டேய் அருள், தட்டு மேலை பறக்குது, நீ கீழை புல்லைச் சுடுறாய்" என்று என் கணவர் கத்தியது யன்னலால் கேட்டது.

"துவக்கு நீளம், அண்ணை. ரீ-சேட்டுக்கு எண்டு நினைச்சு கையை ரெண்டு அங்குலம் கூட்டிச் சொல்லிப்போட்டன்."

ரூபன் காதுமூடியைப் போட்டுக்கொண்டு, கமராவோடு எல்லாருக்கும் பின்னால் நின்றான்.

போக நினைப்பவர்களுக்கு: கார் இல்லாதவர்கள் ரைகேற் வரை ரயிலில் வந்து டாக்சி எடுக்கலாம், எங்களோடு வந்தவர்கள் ஏழு பவுண் கொடுத்தார்கள். சுடுவதற்கு ஆளுக்கு இருபத்தைந்து தட்டு, பதினெட்டு பவுண், முகாம் கட்டணத்துக்கு வேறாக. எங்கள் பண்ணைக்குப் பொலிஸ் அனுமதி இருந்ததால், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கச் சுடுபவருக்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. பதிவு செய்யுமுன் உங்கள் இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். துவக்கை வெளியிலிருந்து கொண்டுபோகாதீர்கள், இரவலே போதும். தடித்த மேற்சட்டையும் காதுமூடியும் கட்டாயம். உணவைச் சூடாக்க நல்ல அடுப்படி இருக்கிறது, பெரிய சட்டி இல்லை. எல்லாவற்றுக்கும் முதல், கை நீளத்தைக் கேட்குமுன் எதற்கு என்று அந்த மனிதனுக்குச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்கட்டும்.

விசாரணைக்குப் பீற்றர் கைத்தடியோடு வந்து சாட்சி சொன்னார். தீர்ப்பு இதை எழுதும்வரை வரவில்லை.

முகாமின் குழுப்படத்தைத் தேவாலய மண்டபத்தில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஆண்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் என் கணவர் பீற்றரின் மனைவியின் துவக்கோடு. ரூபன் அதில் இல்லை. ஆனால் சூரியன் அவன் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது. அவனுடைய நிழல் புல்லில் நீண்டு அவர்களின் காலடி வரை போயிருக்கிறது, கமராவைப் பிடிக்க இரண்டு முழங்கைகளையும் உயர்த்தியபடி. சென்ற ஞாயிறு தேநீர் நேரத்தில் அவன் அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றான். நான் பக்கத்தில் போனபோது திரும்பாமலே கேட்டான்.

"அண்ணி, நிழலாலையும் பிரச்சினை வருமோ?"