மறித்து நின்றவள்

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மதிவதனி இன்னமும் துடியலூரில்தான் இருக்கிறாள். அவள் முகத்துக்கு நேரே நின்று "பொய்" என்று சொல்லுங்கள் பார்ப்போம். கன்னம் பழுத்துவிடும்!

தொண்ணூற்றாறாம் வருடம். நூல் மில்லில் மதிக்கும் சித்திகாவுக்கும் அடுத்தடுத்த மெஷின். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் சித்திகா பஞ்சைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி மதியின் பிடரியில் எறிவாள். திரும்பினால் பல்லைக் காட்டுவாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அப்படிப்பட்டவள் மஞ்சள் காமாலையில் பொசுக்கென்று போய்விட்டாள். மதிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம். மத்தியான ஷிப்ட். ஆள் போடாததால் சித்திகாவின் மெஷினையும் மதிதான் பார்த்தாள். அங்கே ஒரு நூல் அறுந்தது. ஒட்டப் போனாள்.

ஒட்டியிருந்தது.

இன்னொன்று அறுந்தது. கிட்டே போவதற்குள் அதுவும்...

பிடரியில் பஞ்சு விழுந்தது. திரும்பினாள். யாருமில்லை.

மதிக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. "வந்துட்டியா கண்ணு?" என்றாள்.

மற்ற பெண்கள் இதைப் பார்த்து அலறிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகவே மாட்டோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை மேஸ்திரி ஆறுச்சாமி எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து பேய் ஓட்டுகிற ராமுலுவைக் கூட்டிவந்தார். மதி குறுக்கே போய் நின்றாள்.

"ஏனுங்க, உசுரோட இருக்கறப்ப ஒரு லீவு போடாம ஒழைச்சவளுங்க. இப்பத் தொரத்துவீங்களா? என்னை மிதிச்சுப்போட்டுப் போங்க!"

"நகரு அம்மணி. மில்லு ஓடோணும்."

"நகர மாட்டனுங்க!"

ராமுலு எலுமிச்சம்பழத்தோடு கையைத் தூக்கினார். தூக்கியவர் ஓர் அடி பின்வாங்கினார். அவர் மதியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"யாரை ஓட்டச் சொல்றீங்க? இங்க ரெண்டு பேரு நிக்கறாங்க..."

கரண்ட் இல்லாத மெஷினில் நூல் சுற்றுகிற ஒரே ஒரு கதிர் மட்டும்...

கிர்ர்ர்... கிர்ர்ர்...

"முக்காடு போட்ட புள்ள கையை விரிச்சு மறிச்சுட்டு நிக்குதுங்க. அதைத் தாண்டி இந்த அம்மணிகிட்ட வரப் பாக்கறது இன்னொருத்தி. அவ தலையில... முடியே இல்லீங்க."

எலுமிச்சையை அங்கேயே போட்டுவிட்டு ராமுலு ஓட்டமெடுத்தார்.

கேட்டில் நிற்கும் கிழவர் சின்னான்தான் பிறகு சொன்னார்.

"ரொம்ப வருசத்துக்கு முன்னால சித்திகா நின்ன அந்த மெஷினுல ஒருத்திக்கு முடி சிக்கி, தோலோட பிச்சுட்டு வந்துருச்சு அம்மணி. அதுக்கப்பறம் அதுல நின்னவங்க ஒருத்தரும் வருசம் தாண்டுல. போன வருசம் மொதல்ல உம் பேரைத்தான் அதுக்குப் போட்டாங்க. சித்திகாகிட்ட இதைச் சொன்னேன். 'எனக்கென்ன பயம்? மதி நல்லாருக்கட்டும், நானே நிக்கறனுங்க'ன்னு சிரிச்சுட்டே மாத்திக்கிட்டா."

மதி கேட் ஓரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெற்ற தாய்கூட இப்படிச் செய்வாளா? அப்புறம் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே ஆறுச்சாமியிடம் போனாள்.

"அந்த மெஷினை எம் பேருக்கே எழுதிப்போடுங்க. இனி யாரும் சாக வேண்டாம்."

"உனக்குக் கிறுக்கா அம்மணி?"

"நாங்க ரெண்டு பேரு இருக்கறமுங்க. அவ ஒண்டிதானுங்களே!"