மாநாட்டு மண்டபத்தில் பதின்மூன்று மஞ்சள் சால்வைகள்

1. பெரிய திரையில் எங்கள் ஆட்கள்

முதல் சுற்று முடிவு வந்து சற்று நேரத்தில், மண்டபத்துப் பெரிய திரையில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் தொகுதிப் பிரதிநிதிகளை, அதாவது டெலிகேட்டுகளைக் காட்டினார்கள். பதினான்கு பேரும் தமிழர். பதின்மூன்று பேரின் கழுத்தில் மஞ்சள் சால்வை கிடந்தது. எங்கள் அணியின் நிறம் ஊதா. மஞ்சள் எதிரணியின் நிறம்.

பெனுவா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தான். கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட எங்கள் வேட்பாளர் மிரேயின் பிரசாரப் பொறுப்பாளர் அவன். எனக்கு மேலதிகாரி, ஆனால் வயதில் என்னைவிட மிகவும் இளையவன். அவன் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். அச்சில் போட முடியாத சில சொற்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

"சுமதி, உங்கள் ஆட்கள் போய்விட்டார்கள்."

"போகவில்லை."

"கண் தெரியவில்லையா உங்களுக்கு? முழு மண்டபமும் பார்க்கிறது."

"மண்டபம் பார்க்கிறதுதான் பிரச்சினை. அவர்கள் போகவில்லை."

அவன் திரையை விரலால் காட்டினான். பதின்மூன்று மஞ்சளுக்கு நடுவில் இராஜேஸ்வரி மட்டும் எந்தச் சால்வையும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒருத்தியாவது எங்களோடு இருக்கிறாள்" என்றான்.

"எனக்கு அந்த ஒருத்தியில்தான் சந்தேகம்" என்றேன்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தான். இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். அந்தப் பார்வையைப் பல மேலதிகாரிகளிடம் பார்த்திருக்கிறேன்.

2. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு

கட்சி வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். தலைவரைத் தெரிவுசெய்ய ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் டெலிகேட்டுகள் மாநாட்டுக்கு வருவார்கள். அவர்கள் ஒரு வேட்பாளரின் பெயரில் தெரிவாகி வருவதால், முதல் சுற்றில் அந்தப் பெயருக்குத்தான் வாக்குப் போட வேண்டும். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் நிற்பவர் விலகுவார், அடுத்த சுற்று நடக்கும். அதிலிருந்து டெலிகேட் சுதந்திரப் பறவை. வாக்கு இரகசியமானது. நேற்றுவரை உங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்தவர் இன்று யாருக்குப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. தெரியாததைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை.

அன்றைக்கு மூன்று பேர் போட்டி. எங்கள் கட்சி ஆட்சியில் இருந்ததால், வெல்பவரே அரசையும் நடத்துவார். மிரேயும் மஞ்சள் அணிக்காரரும் மூச்சு முட்ட ஒன்றாக ஓடினார்கள். பச்சை அணிக்காரர் மூன்றாவதாக வந்து விலகினார். தனக்கு வாக்களித்தவர்கள் மஞ்சளுக்குப் போக வேண்டும் என்று மேடையில் நின்று கேட்டார். பச்சை டெலிகேட்டுகள் பலர் அதற்கு உடனே தலையாட்டவில்லை. ஆனால் மண்டபத்தில் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் திரையில் எங்கள் மஞ்சள் வரிசை.

எனக்கு அதில் இன்னொரு பாரமும் இருந்தது. எங்கள் பார்க் எக்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பிரெஞ்சு வகுப்புகள் நடக்கின்றன. டவுன்டவுன் சமையலறைகளில் இரவு வேலை செய்பவர்களுக்குக் காலையில், பகல் வேலைக்காரருக்குப் பின்னேரத்தில். மஞ்சள் அணிக்காரர் அவற்றை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒன்லைனுக்குக் கொண்டுபோவேன் என்றார். இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவர் எந்த மூலையில் இருந்து ஒன்லைனில் படிப்பார்? அந்த வகுப்புகளைக் காப்பாற்றுவதாக மிரேய் தன் திட்டத்தில் எழுதியதற்குக் காரணம் நான். "பார்க் எக்ஸ் உங்களோடு நிற்கும்" என்று என் பெயரை வைத்துச் சொல்லியிருந்தேன். மிரேய் தோற்றால் வகுப்புகள் போய்விடும். எங்கள் ஆட்களாலேயே தோற்றால் என் சொல்லும் போய்விடும். இந்தத் தொழிலில் சொல் போனவளுக்கு வேறு முதல் கிடையாது.

டெலிகேட்டுகளை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நான் கேட்டு முடிக்கும் முன்னே "உங்களுக்குத்தான், யோசிக்காதேங்கோ" என்பவருக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன். குறுக்குக் கேள்வி கேட்டு என் உயிரை எடுக்கிறவர், பதில் பிடித்தால் கடைசிவரை நிற்பார். இராஜேஸ்வரி குறுக்குக் கேள்வி கேட்கிறவள். அவளுடைய கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் சந்தேகம் என்றேன்.

3. மரியாதையாகப் போட்டவை

பெனுவா ஒரு பெட்டி ஊதாச் சால்வையை இரண்டு தொண்டர்களிடம் தூக்கிக் கொடுத்தான். "போய் அந்த மஞ்சளையெல்லாம் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள்" என்றான். நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

"கழற்றினால் பதின்மூன்று பேரும் உண்மையிலேயே போய்விடுவார்கள். எனக்கு ஐந்து நிமிடம் தா."

டெலிகேட்டுகள் இருக்கும் ஃப்ளோருக்கு இறங்கிப் போனேன். எங்கள் வரிசையின் முதல் கதிரையில் நவரத்தினம் அண்ணை இருந்தார். டவுன்டவுனில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையை நடத்துகிறவர். எங்கள் டெலிகேட்டுகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எழும்புவார்கள், இருப்பார்கள். மஞ்சள் சால்வையை இரண்டு தோளிலும் சமமாக விழும்படி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டில் முன்வரிசை கிடைத்தவர்போல் இருந்தார்.

"அண்ணை, உதென்ன கோலம்?"

"ஏன் பிள்ளை, வாசல்ல நிண்ட பெடியள் 'பொன்ஜூர்' எண்டு சொல்லிக் கும்பிடாத குறையாப் போட்டுவிட்டவை. மரியாதையாப் போடேக்க கழுத்தைத் திருப்பிறதே?"

"அது எதிர்ப் பக்கத்து நிறம், அண்ணை. தெரியாதே?"

"தெரியும். அவையும் எங்கட கட்சி ஆக்கள்தானே. சால்வை வேற, வோட்டு வேற."

பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். முதல் ஆள் குனிந்ததும் வரிசையில் வந்த மற்றவர்களும் குனிந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பொன்னாடை போர்த்த வருபவரை யாராவது தடுத்ததைக் கண்டிருக்கிறீர்களா? பிடிக்காதவன் போர்த்தினாலும் சிரித்துக்கொண்டு வாங்குவோம், படத்துக்கும் நிற்போம். வாசலில் நின்ற மஞ்சள் பெடியன்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்காது. கண்டவர் கழுத்திலெல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள். வேறு தொகுதிக்காரர் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் கழுத்தை நீட்டிவிட்டார்கள்.

"மண்டபத்தில எல்லாரும் நீங்கள் பக்கம் மாறீட்டியள் எண்டு நினைக்கினம், அண்ணை."

அவர் முகம் கறுத்தது. "நான் குடுத்த வாக்கை மாத்திற ஆளெண்டோ?"

"நான் நினைக்கேல்லை. மற்றவை நினைக்கினம்."

"அப்ப என்ன செய்யிறது? இப்ப எல்லாருக்கும் முன்னால கழட்டி எறியச் சொல்லுறியோ? போட்ட பெடியன் அந்தா நிக்கிறான்."

அவர் கழற்றமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கழற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஹெட்செட்டில் மேலே இருந்த பெனுவாவிடம் பேசினேன். "மிரேயை அனுப்பு. தொண்டர்கள் வேண்டாம். மிரேயே வர வேண்டும்."

4. மிரேய் வந்தார்

வருகிற வழியிலேயே அவரைப் பிடித்து நான்கு விஷயம் சொன்னேன். சால்வையை இரண்டு கையாலும் பிடியுங்கள். எறியாதீர்கள், போர்த்துங்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நின்று காதில் சொல்லித் தருகிறேன். மஞ்சளைத் தொடவே வேண்டாம். மிரேய் கேள்வி கேட்கவில்லை. நல்ல வேட்பாளர் என்பதற்கு எனக்கு அந்த ஒரு குணமே போதும்.

"மெஸ்யூ நவரத்தினம்" என்று பிழையாகத்தான் சொன்னார். ஆனால் முழுப் பெயரையும் சொன்னார். அண்ணை எழும்பி நின்றார், தலையைக் குனிந்தார். ஊதாச் சால்வை மஞ்சளுக்கு மேலே விழுந்தது. அவர் கைகூப்பினார். பிறகு நான் எதிர்பார்த்தபடியே, மேடையில் இரண்டாவது பொன்னாடை வாங்கினவர் செய்கிற வேலையைச் செய்தார். உள்ளே கிடந்த பழையதை மெதுவாக உருவி, நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"பேரனுக்கு ஆகும்" என்றார் என்னிடம்.

பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். கமரா எங்களைத் தேடி வந்தது. ஒவ்வொரு மஞ்சளாக உருவப்படுவதைத் திரையில் பார்த்து மண்டபத்தின் ஒரு பாதி கைதட்டியது. மறுபாதி உறுமியது. ஹெட்செட்டில் பெனுவா சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

கடைசியில் இராஜேஸ்வரி. தன் வீட்டிலேயே garderie என்கிற குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். காலையில் சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் ஓடுகிற தாய்மாரின் பிள்ளைகளை அவள்தான் பார்க்கிறாள். மிரேய் சால்வையைத் தூக்கியதும் அவள் கையை நீட்டித் தடுத்தாள். எங்கள் எல்லோரையும்விட நல்ல பிரெஞ்சு அவளுடையது.

"மேடம், எனக்குச் சால்வை வேண்டாம். ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் பிள்ளை பார்க்கிற எங்களுக்கான கொடுப்பனவை முதல் வருடமே கூட்டுவேன் என்று மற்றவர் சொல்கிறார். நீங்கள் கூட்டுவீர்களா?"

கமரா அங்கேயே நின்றது. பின்வரிசையில் பச்சை டெலிகேட்டுகள் எட்டிப் பார்த்தார்கள். பெனுவா என் காதுக்குள் கத்தினான். "ஆம் என்று சொல்லச் சொல்லுங்கள். சுமதி, ஆம் என்று சொல்லச் சொல்லுங்கள்." நான் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மிரேய் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "முதல் வருடம் முடியாது. முதல் நிதி பிரெஞ்சு வகுப்புகளுக்குப் போகிறது. இரண்டாம் வருடம் என்று இப்போது சொன்னால் அது உங்கள் வாக்குக்காகச் சொன்னதாக இருக்கும்."

"மெர்சி, மேடம்" என்றாள் இராஜேஸ்வரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சுமதியக்கா, முதல் சுற்றில சொன்னபடி உங்களுக்குப் போட்டிட்டன். இனி என்ர வோட்டு மஞ்சளுக்கு."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "உதை கமராவுக்கு முன்னால வைச்சே சொல்லோணும், ராஜி?"

"பேந்து சொன்னால் ஒளிச்சுச் செய்தவள் எண்டுவியள். என்னட்டை விடுற பிள்ளையளின்ர தாய்மாரிட்டை வாங்கிற காசைக் கூட்டாமல் நானும் நிண்டுபிடிக்கோணும், அக்கா. எனக்கு வேற வழியில்லை."

அவளுடைய கணக்கு அவளுக்குச் சரி. வகுப்புகள் எனக்கு எப்படியோ அவளுக்கு அந்தக் கொடுப்பனவு அப்படி. ஆனாலும் அந்த நேரத்தில் அவளை இரண்டு ஏச்சு ஏச வேண்டும்போல்தான் இருந்தது.

நவரத்தினம் அண்ணை எழும்பினார். "பாத்தியே பிள்ளை, மிரேய் முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொல்லுறா. இவ ஏலும் எண்டு சொன்னதைச் செய்வா. வாங்கோ எல்லாரும், வோட்டைப் போட்டிட்டு வருவம்."

அவர்கள் போன பிறகு, பின்வரிசையிலிருந்து பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஹெயிட்டி அம்மா என் தோளைத் தட்டினார். பெட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு ஊதாச் சால்வையை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் கை நீட்டினார்கள். அவர்கள் எல்லோரும் எங்களுக்குத்தான் போட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். சால்வை வேறு, வாக்கு வேறு என்று அன்றைக்குத்தான் பாடம் கேட்டிருந்தேன்.

5. முடிவு

மிரேய் வென்றார். மயிரிழை என்பார்களே, அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்புகள் தப்பின. நவரத்தினம் அண்ணை கதிரையில் ஏறி நின்று கைதட்டினார். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன்.

அந்த இரைச்சலுக்குள் இராஜேஸ்வரி ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"வாழ்த்துக்கள், அக்கா. திங்கக்கிழமை உங்கட ஒஃபிஸுக்கு வாறன். கொடுப்பனவு விசயம் கதைக்கோணும்."

"வா" என்றேன். "காலமை முதல் ஆளா வா. மிரேயையும் வைச்சிருக்கிறன்."

பெனுவா பக்கத்தில் நின்றான். தமிழ் விளங்காவிட்டாலும் முகங்களை வாசிக்கத் தெரிந்தவன். அவள் போனதும் கேட்டான்.

"அது எங்களுக்கு எதிராகப் போட்டவள் அல்லவா?"

"ஆம்."

"இத்தனை பேர் எங்களுக்காக நின்றார்கள். முதல் சந்திப்பை அவளுக்கா கொடுக்கிறீர்கள்?"

இந்தத் தொழிலில் நான் கற்றது முழுவதும் அவனுக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

"பெனுவா, இந்த மண்டபத்தில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று நீயும் நானும் ஊகிக்கத்தான் முடியும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வாக்கு அவளுடையது."