கருத்த மேடையும் எண்பது மெழுகுவர்த்திகளும்

மைபிரித்துக்கு நான் ஏழாயிரத்து இருநூறு குரோனர் கடன்பட்டிருந்தேன். எழுபத்தாறு வயதில் அதுதான் என் முதல் கடன். வங்கியில் வாங்கியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வங்கிக்கு வட்டி கிடைக்கிறது, அது வியாபாரம். ஒரு மனுஷிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தெருவில் நடப்பதுதான் கடன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினாலு வயதில் செங்கல் சுமந்தேன், இருபத்தேழில் சொந்தமாக ஒப்பந்தம் எடுத்தேன். ஃபியோர்ட் என்கிற எங்கள் கடற்கழியின் இந்தக் கரையில் நீங்கள் பார்க்கிற புகைபோக்கிகளில் நூற்றுமுப்பது நான் கட்டியவை. ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. தோர்கில் என்று பெயர் இருந்தும் ஊரில் எல்லாரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது தானாக வந்த பெயர் இல்லை, சம்பாதித்தது.

முழங்கால் போனபின் தொழிலை விட்டேன். வீட்டில் மூன்று மாதம் சும்மா இருந்தேன். குளியலறைச் சுவரை இரண்டு தடவை இடித்துக் கட்டினேன். மூன்றாவது தடவை உளியை எடுத்தபோது என் மனைவி அக்னேதே ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். ஊர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம்.

"பணம் கட்டிட்டேன். போய்ட்டு வா."

"சோப்பா? நானா?"

"சுவரைவிடச் சோப்பு செலவு கம்மி."

போனேன். எட்டுப் பெண்கள், நான் ஒருவன். கற்றுக்கொடுத்தவள் மைபிரித். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, நாற்பத்தைந்து வயது, பேச்சில் கறார். எல்லாருக்கும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கொடுத்துவிட்டு முதல் பாடமாக ஒன்றைச் சொன்னாள்.

"காஸ்டிக் சோடாவைத் தண்ணியில போடணும். கொஞ்சம் கொஞ்சமா. சோடா மேல தண்ணிய ஊத்தவே கூடாது. வேற எது மறந்தாலும் இத மறக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுட்ட சுண்ணாம்புக்கல்லைக் குழியில் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி, அது கொதித்துப் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்று வளர்ந்தவன் நான். என் முதல் மேஸ்திரி சுண்ணாம்பை அப்படித்தான் நீற்றுவார். கல் முதலில், தண்ணீர் பிறகு. இந்த வெள்ளைச் சில்லுகளும் பார்க்கச் சுண்ணாம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரிதான் இருந்தன.

"ஏம்மா, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் சுண்ணாம்பு நீத்தினவன்."

"இது சுண்ணாம்பு இல்ல மேஸ்திரி."

"ரெண்டும் காரந்தானே."

அவள் பக்கத்து மேசைக்குத் திரும்பினாள். நான் சில்லுகளைப் பாத்திரத்தில் கொட்டி, கூஜாவைச் சாய்த்தேன்.

சுண்ணாம்பு யோசித்துப் பொங்கும். இது யோசிக்கவில்லை. ஒரு சீறல், பாத்திரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து சமையல் மேடை முழுக்க விழுந்தது. மைபிரித் பாய்ந்து வந்து என் மார்பில் கைவைத்துப் பின்னால் தள்ளினாள். கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே அவள் மணிக்கட்டில் பட்டுவிட்டது. அவள் கத்தவில்லை. குழாயைத் திறந்து கையை அதன் கீழே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே உத்தரவு போட்டாள்.

"யாரும் கிட்ட வராதீங்க. ஜன்னலைத் திறங்க. மேஸ்திரி, சட்டையக் கழட்டுங்க. இப்பவே."

கால் மணி நேரம் அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. நான் எட்டுப் பெண்களுக்கு முன்னால் பனியனோடு நின்றேன்.

மேடை ஓக் மரம். போன கோடையில் ஊரே காசு போட்டுப் போட்ட மேடை. காரம் விழுந்த இடமெல்லாம் தார் ஊற்றினதுபோல் கருத்துவிட்டது. தச்சன் வந்து தேய்த்துப் பார்த்தான். ஆழமாக இறங்கிவிட்டது, பலகையை மாற்ற வேண்டும், ஏழாயிரத்து இருநூறு என்றான். மன்றத்தின் சாவியை மைபிரித்துதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாள். டிசம்பர் முதல் தேதிக்குள் பணம் வராவிட்டால் அவளுடைய வகுப்புச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று மன்றக் குழு எழுதிவிட்டது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் காரைச் சட்டப்படியான பரிசோதனைக்கு விட வேண்டும். கார் இல்லாவிட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இல்லத்துக்கு விடியற்காலை வேலைக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பேருந்து கிடையாது.

"நான் தருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அக்னேதேயிடம் பணப் பெட்டியின் சாவியைக் கேட்டேன். அவள் பின்னிக்கொண்டிருந்தாள். ஊசி நிற்கவில்லை.

"பிரேபென ஞாபகம் இருக்கா?"

பிரேபென் என்னிடம் வேலை பழகியவன். ஒருமுறை என் மட்டக்கோலைச் சாரத்திலிருந்து கீழே போட்டு உடைத்தான். அவன் கூலியில் மூன்று வாரம் பிடித்தேன். உடைத்தவன் தன் கைச் சம்பாத்தியத்தில்தான் கட்ட வேண்டும், அப்பன் காசிலோ பெண்டாட்டி காசிலோ கூடாது என்பது என் சட்டம். நாற்பது வருடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையன் அழுதுக்கிட்டே என்கிட்ட வந்தான். நான் குடுக்கறேன்னேன். நீ விடல. பென்ஷன் ரெண்டு பேர் பேர்ல இருக்கு தோர்கில். தொடக் கூடாது."

"நான் மேஸ்திரி, அவன் பையன்."

"சட்டம் எழுதினவனுக்குச் சட்டம் இல்லையா?"

நான் போட்ட சட்டம் நன்றாகக் கட்டியிருந்தது, அதிலும் விரிசல் இல்லை.

வகுப்பை நான் விடவில்லை. அடுத்த செவ்வாய் மைபிரித் மணிக்கட்டில் கட்டோடு நின்றாள். தண்ணீரை என் முன் வைத்தாள், பிறகு சோடாவை வைத்தாள். சில்லு சில்லாகத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். எண்ணெயில் சேர்த்துக் கஞ்சிப் பதம் வரும்வரை கிண்டினேன். வகுப்பிலேயே நல்ல சோப்பு என்னுடையது, சொல்ல வெட்கமில்லை. ஆனால் சோப்பு ஆறு வாரம் காய வேண்டும். டிசம்பர் முதல் தேதிக்கு ஆகாது. அதனால் மெழுகுவர்த்தியில் இறங்கினேன்.

எங்கள் ஊரில் டிசம்பர் மெழுகுவர்த்தி இல்லாத வீடு கிடையாது. மேலிருந்து கீழே இருபத்துநாலு கோடு, கோட்டுக்கு ஓர் எண். முதல் தேதி காலை கொளுத்தி ஒரு கோடுவரை, சுமார் ஒரு மணி நேரம், எரிய விட்டு அணைக்க வேண்டும், நாளுக்கு ஒரு கோடு. கடைசிக் கோடு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இரண்டாம் தேதிக்குப் பிறகு அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

பூச்செடிக் கடை லாவ்ரிட்ஸிடம் போனேன். அவன் வீட்டுப் புகைபோக்கியும் என்னுடையதுதான்.

"எண்பது குடுங்க, ஒண்ணு தொண்ணூறு. இருபத்தெட்டாந் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வரணும். வரலைன்னா தொழிற்சாலைச் சரக்கு இறக்கிடுவேன். சனிக்கிழமை கூட்டம் எனக்காகக் காத்திருக்காது."

கணக்கு சரியாக வந்தது. என் சொந்தக் கலவை இயந்திரத்தை விற்று மெழுகு வாங்கினேன். பழைய இரும்புக் குழாய்கள் பன்னிரண்டு என்னிடம் இருந்தன. அந்த அளவு இப்போது கடையில் கிடைப்பதில்லை. அவைதான் என் அச்சு. திரி வாங்கும்போது மைபிரித் சொன்னாள், "ஒண்ணு செஞ்சு, ஒரு மணி நேரம் எரிச்சுப் பாத்துட்டு மீதியச் செய்யுங்க."

நான் கடையில் இருந்ததிலேயே பருமனான திரியை வாங்கினேன். கம்பி பருத்தால் கட்டடம் நிற்கும், அது எனக்குத் தெரியும். எரித்துப் பார்க்கவில்லை. கட்டின புகைபோக்கியை யாராவது இடித்துப் பார்ப்பார்களா?

திங்கட்கிழமை எண்பதும் தயார். தூண் மாதிரி நேர். புதன்கிழமை காலைக் காப்பிக்கு அக்னேதே ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

"தோர்கில், இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்தாறு."

"உன் மெழுகுவத்திக்கு மூணாந்தேதி முடியுது."

நிமிர்ந்து பார்த்தேன். சுடர் விரல் நீளம் நின்று புகைந்தது. மெழுகு ஒரு பக்கமாக வழிந்து தட்டில் குட்டையாகக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று கோடு.

"எட்டாந்தேதிக்கே தீந்துடும். ஊர்ல எல்லார் வீட்டுலயும், எட்டாந்தேதி" என்றாள். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மைபிரித்தைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து நேராக வந்தாள், சீருடைகூட மாற்றவில்லை. பையிலிருந்து இரண்டு திரிச் சுருளை எடுத்து வைத்தாள்.

"ரெண்டுலயும் ஒவ்வொண்ணு ஊத்தி, எரிச்சுப் பாத்து, அப்புறம்தான் மத்தது."

"ஆற நாலு மணி நேரம், எரிய ஒரு மணி நேரம். நேரம் எங்கம்மா இருக்கு?"

"போன தடவ நேரம் மிச்சம் பிடிச்சீங்களே, அது எங்க?"

ஊற்றினோம். ஆறும்வரை எண்பதையும் அண்டாவில் உருக்கிப் பழைய திரிகளைக் கொக்கியால் இழுத்துப் போட்டேன். சாயங்காலம் இரண்டையும் கொளுத்திக் கடிகாரத்தை நடுவில் வைத்தோம். மெல்லிய திரி அரை மணியில் தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. மற்றது எரிந்தது. அறுபதாவது நிமிடம் முடிந்தபோது மெழுகு முதல் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"இதுதான்" என்றாள் மைபிரித்.

பன்னிரண்டு குழாய், எண்பது மெழுகுவர்த்தி. ஏழு தடவை ஊற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். புதன் இரவு ஒரு தடவை ஊற்றிவிட்டுப் படுத்தோம். வியாழன் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்று, ஐந்து. இரவு ஒன்பதுக்கு ஊற்றியதை வெள்ளி காலைதான் எடுக்க முடியும். அதன்பின் எட்டு மிச்சம், காலை ஐந்துக்கு ஊற்றினால் ஒன்பதுக்கு வரும். கோடும் எண்ணும் போட ஏழு மணி நேரம். ஒரு தடவை பிசகினால் முடிந்தது.

வியாழன் மத்தியானம் வெளியே பனி உறைந்து கிடந்தது. அக்னேதே குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெளிய வச்சா ஒரு மணி நேரத்துல ஆறிடாது?"

வேலை முடிந்து வந்திருந்த மைபிரித்தும் என்னைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவைக்கும் மூன்று மணி நேரம் மிச்சம்.

"கூடாது. குளிர்ல போட்ட பூச்சு மேல முதல்ல இறுகும், உள்ள அப்புறம் இறுகும். நடுவுல பிளந்துடும். மெழுகுக்கும் அதே கதிதான். உள்ளயே இருக்கட்டும்."

"நிச்சயமா?" என்றாள் மைபிரித். அவள் கேட்ட விதத்தில் ஓக் மேடை இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு வெளிய வச்சுப் பாரு."

வைத்தாள். முக்கால் மணி கழித்து உருவினாள். இடுப்பளவில் வெடித்து, திரியில் தொங்கியது. அதைத் திரும்ப அண்டாவில் போட்டு, கடைசித் தடவையின் எட்டோடு ஒன்றைச் சேர்த்துக் குறித்துக்கொண்டாள். நான் பெருமையடிக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை மைபிரித் விடுப்பு எடுத்தாள். எண் எழுத நான் தூரிகை எடுத்ததும் அக்னேதே பிடுங்கிக்கொண்டாள். என் ஏழு யாருக்கும் புரியாது. பெண்கள் இருவரும் எண் எழுதினார்கள், நான் மட்டக்கோல் வைத்துக் கோடு கீறினேன். மைபிரித்தின் மணிக்கட்டில் கட்டு அவிழ்ந்திருந்தது. காசளவு சிவப்புத் தோல். ஒவ்வொரு தடவை அவள் தூரிகையைத் தோய்க்கும்போதும் அது என் கண்ணில் பட்டது. மூன்றேகாலுக்கு எழுபத்தொன்று. மூன்றரைக்கு எழுபத்தாறு. வண்டியில் ஏற்றும்போது கடைசி நான்கில் சாயம் ஈரம். அக்னேதே அவற்றை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைக்குள் நுழைந்தபோது மணி நாலடிக்க இரண்டு நிமிடம். தொழிற்சாலைப் பெட்டிகள் கல்லாவுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தன. லாவ்ரிட்ஸ் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அழகாத்தான் இருக்கு. மன்றத்துல நடந்ததக் கேள்விப்பட்டேன் மேஸ்திரி. கோச்சுக்காதீங்க, ஒண்ணு எரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"எரி."

"ஒரு மணி நேரம் ஆகும்."

"நிக்கிறேன்."

கல்லா மேல் நட்டுக் கொளுத்தினான். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், தொட்டிச் செடி வாங்கினார்கள், சுடரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் காற்றில் சுடர் படுத்தது. காற்றடித்தால் ஒரு பக்கம் வழியும். நான் போய்க் கதவுக்கும் சுடருக்கும் நடுவில் நின்றேன். வண்டியில் உட்கார்ந்திருந்த மைபிரித் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்து ஓரமாக நின்றாள். மெழுகு விளிம்பில் ததும்பியது. வழியவில்லை.

ஐந்து மணி. லாவ்ரிட்ஸ் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கோட்டைப் பார்த்தான். ஊதி அணைத்தான்.

"எரிச்சத என் கணக்குல வச்சுக்கறேன். எண்பதுக்கும் காசு."

"நோட்டாக் குடு" என்றேன்.

அவன் கல்லாவைத் திறந்தான். நான் வாங்கி, அங்கேயே மைபிரித் பக்கம் கட்டாக நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"எண்ணிக் குடுங்க மேஸ்திரி. ஒவ்வொண்ணா."

"நம்பிக்கை இல்லையாம்மா?"

"நீங்க மொத்தமா ஊத்தினதுலதான இது ஆரம்பிச்சுது."

சிவப்புத் தழும்புக்கு மேலே விரிந்த அந்தக் கையில் ஐந்நூறு ஐந்நூறாக வைத்தேன். வாய்விட்டு எண்ணினேன், கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. பதினாலு ஐந்நூறு. அதன் மேல் ஓர் இருநூறு.