ஒட்டுப்பாலின் மறுமுனை

தம்போய் நகரத்து வீட்டில் பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தபோது எலாஸ்டிக் என்ற சொல் வந்தது. இழுத்து விட்டால் பழைய உருவத்துக்கே திரும்பும் பொருளை அறிவியலில் அப்படிச் சொல்வார்களாம். வளைந்து கொடுக்கிற நேரத்துக்கும் விதிமுறைக்கும்கூடப் பொருந்துமாம். எனக்கு அது பழைய சொல்.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் டீச்சர் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, மறுநாள் ஒரு பொருளைக் காட்டி எல்லார் முன்னாலும் விளக்கச் சொன்னார். எனக்கு வந்தது எலாஸ்டிக். பெயரைக் கூப்பிட்டாலே அழுகிற பிள்ளை நான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன்.

அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாத சித்தப்பா, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. "நீ பேச வேணாம்லா. ஒட்டுப்பால் கொண்டாரேன். ஒரு முனைய நீ புடி, நான் இழுக்கிறேன். பாக்கிறவங்களுக்கே புரிஞ்சிடும்" என்றார்.

மரத்தின் வெட்டில் காய்ந்து நாடாவாகக் கிடப்பதுதான் ஒட்டுப்பால். காலையில் அதை உரித்துவிட்டுத்தான் புதிதாக வெட்டுவார்கள். மறுநாள் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா வந்தார், தலைக்கு எண்ணெய், தேய்த்த சட்டை. ஒட்டுப்பாலை மட்டும் நாள்பட்ட சாக்கிலிருந்து எடுத்திருப்பார் போல.

"டீச்சர், செத்த எலி வாடை" என்றான் ஒருவன்.

என் பெயர் வந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு தானே போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா இழுத்தார், முழ நீளம் வந்தது. விட்டார், டீச்சர் கையோடு சுருங்கிக்கொண்டது.

"மனுசங்களுக்கும் இதச் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டார் சித்தப்பா.

"சொல்லலாம். வளஞ்சு குடுக்கிறவங்களா இருந்தா."

"அப்ப எனக்குச் சொல்லலாம்."

வகுப்பே சிரித்தது. வாய் திறக்காமலே தப்பித்துவிட்ட நிம்மதியில் நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா சாயங்காலம்தோறும் "நாளைக்கு எந்தச் சொல்லு?" என்று கேட்பார். எந்தச் சொல்லானாலும் துணைக்கு வரத் தயாராக இருப்பார். அவருக்கு ஆங்கிலத்தின் மேல் அப்படி ஓர் ஆசை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். கையில் கொஞ்சம் பால்வாடை அடித்தாலே எங்களைக் குழாயடிக்கு விரட்டுகிற டீச்சர், அன்றைக்கு மணி அடிக்கும்வரை அந்த ஒட்டுப்பாலைக் கீழே வைக்கவே இல்லை.