பச்சை இல்லாத தண்ணீர்

அந்த பஸ்ஸின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். அதன் மண்ணிற சீற்றுகள்மேல், பற்களைக் காட்டிக்கொண்டு குளிரையே ஊதிய அதன் காற்றுத் துவாரங்கள்மேல். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கேயோ உருக்கி வேறொன்றாக வார்த்திருப்பார்கள். ஆனாலும் கோபம். மனிதரைக் கோபிக்க வேண்டிய இடத்தில் இரும்பைக் கோபிப்பது சுகம்.

எனக்கு ஒன்பது வயது. சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில், ஒரு பஸ் கொம்பனியில் அப்பா சாரதி. அம்மாவின் தம்பியான மாமா அதே முற்றத்தில் பஸ் கழுவினார். ஊரில் டிப்போ மெக்கானிக். இங்கே கையில் தும்புத்தடி. அடைக்கலம் கேட்டு ஒரு வருடமாகப் பதிலுக்குக் காத்திருந்தவர். வேலை செய்யும் அனுமதி அந்த முதலாளியின் பெயரோடு கட்டியிருந்தது. அது போனால் அவரை இங்கே பிடித்துவைக்க வேறு கயிறு இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாடன் நகரில் தமிழ்ப் பள்ளி விழா, முதல் நடனம் என்னுடையது. ஒரு வருடமாக வீட்டுக்குள் குதித்து, கீழ்வீட்டுக்காரியிடம் அம்மா மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வளர்த்த நடனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றமெல்லாம் வெள்ளை உறைபனி. முதலாளி இரங்கித் தந்த பழைய பஸ்ஸில் முப்பது பேர், பட்டும் பவுடருமாக. எஞ்சின் நல்லபிள்ளைபோல் உறுமியது; உள்ளே சூடேற்றும் ஹைசுங் மட்டும் சூடாகவில்லை. ஐஸ்பெட்டிக்குச் சில்லுப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பின்சீற்றில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் உதடு நீலமாகியிருந்தது. நான் சிரிக்கவில்லை.

மாமாதான் இறங்கினார். நல்ல சேட்டோடு பனியில் மல்லாந்து படுத்து பஸ்ஸுக்கு அடியில் போனார். பின்னால் எஞ்சினிலிருந்து நிலத்தகட்டின் கீழாக முன்பக்கம்வரை சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று ஓடுகிறது; அதை முழம் முழமாகத் தடவினார். எஞ்சின் பக்கம் கை வைக்க முடியாத சூடு, நடுவில் கல்லுப்போலக் குளிர். கோடையில் மூடிவிடும் வால்வைப் பார்த்தார், திறந்திருந்தது. காற்று அடைத்திருக்கும் என்று, அதை வெளியே விடும் முன்பக்கத்துச் சிறு திருகாணியைக் கழற்றினார். காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. கம்பியால் குத்தினார். ஒரு துண்டு ஐஸ் விழுந்தது.

மாமா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"புதன்கிழமை ரேடியேற்றருக்கை தண்ணி குறைஞ்சிருந்தது, அத்தான். ரெண்டு வாளி ஊத்தினனான்."

"என்ன தண்ணி?"

"தண்ணிதான்."

ஊரில் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். இங்கே உறையாமலிருக்கப் பச்சை நிற மருந்தொன்று கலக்க வேண்டும் என்று மாமாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பஸ் கழுவுகிறவனுக்கு யார் சொல்வார்?

தேத்தண்ணிக்குக் கொண்டுவந்த சுடுதண்ணீரையெல்லாம் குழாயில் ஊற்றினார்கள். ஐஸ் இளகியது. அப்போதுதான் குழாய் ஏற்கெனவே வெடித்திருந்தது தெரிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் முற்றத்தில் கொட்டி ஆவியாக எழும்பியது. பயணம் அத்தோடு முடிந்தது.

கராஜுக்கு மேலே குடியிருந்த முதலாளி செருப்போடு இறங்கி வந்தார். குனிந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். பச்சை எங்கே என்று கேட்டார். யார் வெறுந்தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். அப்பாவின் ஜெர்மன் பாதைக்கும் நேரத்துக்கும் போதும். விளக்கம் சொல்ல வந்தால் நான்தான் வேண்டும். டொக்டரிடமும் கந்தோரிலும் நான்தான் அவர்களுடைய வாய். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"அப்பாதான் ஊத்தினவர் எண்டு சொல்லு, பிள்ளை."

நான் மாமாவைப் பார்த்தேன். முதுகெல்லாம் சேறு, சிவந்த கை. என் காலில் சலங்கை, அதற்குள் விறைத்த விரல்கள். யாருக்காக நான் பொய் சொல்ல வேண்டும்? என் மேடையைத் தின்றவருக்காகவா?

"என்ரை மாமா," என்று சுத்தமான சுவிஸ் ஜெர்மனில் சொன்னேன். விரலையும் நீட்டினேன்.

அந்தச் சொல் அப்பாவுக்கும் விளங்கும். தோளிலிருந்த கை எழும்பிப் போனது. முதலாளி கத்தவில்லை, கத்தியிருந்தால் அவரையாவது வெறுத்திருக்கலாம். உள்ளங்கையை நீட்டினார். மாமா கழுவுமிடத்துக் கதவின் திறப்பை எடுத்து, காற்சட்டையில் சேறு போகத் துடைத்து, அதில் வைத்தார்.

இளவேனிலில் அடைக்கலம் இல்லையென்று கடிதம் வந்தது. மாமாவை விமானத்தில் ஏற்றினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு குடும்பத்தின் நாக்காக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்ற எல்லார்மீதும் எனக்குக் கோபம். அந்தப் பிள்ளைமீதும்தான்.

பஸ் நின்றுபோன அந்த ஞாயிறு பின்னேரம் அம்மா அறைக்குள் இருந்தா, வெளியே வரவில்லை. அப்பா என்னைத் தாண்டி பல்கனிக்குப் போனார். மாமா மட்டும் குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து, வெடித்த விரல்களுக்கு வாஸ்லின் பூசிக்கொண்டு சொன்னார்:

"நல்லா ஜெர்மன் கதைக்கிறாய், பிள்ளை."

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னைப் புகழ்ந்ததில்லை. திங்கட்கிழமை முதல் பாடத்திலேயே ரீச்சரிடம் ஓடிப்போய், மாமா இப்படிச் சொன்னவர் என்று சொன்னேன்.